டீச்சருக்குள்ளது

பத்தரை மணி வகுப்பு.
பாடநூலில் எப்போதும் ஆப்பிளும் ஆரஞ்சும்தான்.
அழித்துவிட்டு
செங்குத்து அச்சில் மட்டி என்று எழுதினேன்,
படுக்கை அச்சில் பாளையங்கோடன்.
கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

சமநோக்கு வளைகோடு: இதன் மேல் எங்கே நின்றாலும்
நுகர்வோருக்கு ஒரே மனநிறைவு.
ஒரு மட்டியை விட்டுக்கொடுக்க
எத்தனை பாளையங்கோடன் கேட்பான் என்பது அதன் சரிவு.
ஷைஜின் கை தூக்கினான்.
"மிஸ், பழமே பிடிக்காதவன் எங்க நிப்பான்?"
ஆதிப்புள்ளியில், என்றேன். சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை; நோட்டில் அந்த மூலையைப்
பேனா ஊன்றி ஊன்றிக் கறுப்பாக்கினான்.

பிறகு, மனத்தைத் திறந்து பார்க்க முடியாததால்
பையைத் திறந்து பார்க்கிற கோட்பாடு.
இரண்டும் கைக்கெட்டுகிற விலையில் இருந்து
ஒன்றை எடுத்தால் அதுவே பிடித்தது.
வாய்ப்பேச்சு கணக்கில் இல்லை.
வெளிப்படுத்தப்பட்ட விருப்பம்.
ஐந்து மதிப்பெண், அடிக்கோடிடுங்கள்.

ஐந்தரைக்குத் திங்கள்சந்தையில் இறங்குகிறேன்.
இன்று வியாழன்; ஊருக்குப் பெயர்தான் திங்கள்.
ஏசுவடியான் கடையில் ஏழெட்டுக் குலை தொங்கும்:
சிவந்த செந்துளுவன், முதுகு வளைந்த ஏத்தன்,
தொட்டால் கன்றும் ரசகதலி, தடித்தோல் பேயன்.
ஓரத்தில் மட்டி,
விரல் நீளம்தான், நுனி கூர்ந்து,
டீசல் புகையைத் தாண்டி வரும் மணம்.

மூன்று வருடமாக என் பையைப் படிக்கிறார் அவர்.
எடுத்தது ஒன்றே: பாளையங்கோடன், ஒரு கிலோ, சிலநாள் அரை.
மழையிலும் அதுவே.
ஓணத்துக்கு முந்தின நாள் எல்லாமே ஏறியபோதும் அதுவே.
அவர் கண்ட முடிவு:
"டீச்சருக்குப் பாளையங்கோடன்னா உயிராக்கும்."

அவர் பார்க்காத கோடு ஒன்று உண்டு.
நான் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் மாதாமாதம் வரும்,
சம்பளம் நாலு மாதம் சேர்ந்து வரும்.
வாடகை, பஸ், ஜெனிஷின் ஸ்கூல் பீஸ், சீட்டுப்பணம் போக
மீதி நிற்கிற இடத்தில் அந்தக் கோடு
மட்டிக்கு ஒரு விரற்கடை கீழே ஓடும்.
'இரண்டும் கைக்கெட்டுகிற விலையில் இருந்து'
என்ற வரியைக் காலையில்
கொஞ்சம் வேகமாகத்தான் வாசித்தேன்.

நேற்று சம்பளம் வந்தது. நாலு மாதம், ஒரே குறுஞ்செய்தி.
கோடு இடம்பெயர்ந்துவிட்டது, வெளிப்புறமாக, இணையாக,
பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவேனே, அப்படி.
பஸ்சிலேயே நாக்கில் மட்டி.
இறங்கி நேராக நடந்தேன் ஓரத்துக் குலையைப் பார்த்தபடி.

ஏசுவடியான் கண்டுவிட்டார்.
தார்ப்பாய்க்கு அடியில் கைவிட்டு எடுத்தார் ஒரு பொதி.
"நாலு நாளா வரத்தே இல்ல டீச்சர்.
காலம்பற ஒரே ஒரு குலை வந்து.
ரெண்டு பேரு கேட்டாவ, குடுக்கேல்ல.
இது டீச்சருக்குள்ளதாக்கும். விலையும் பழசுதான்."

செய்தித்தாளில் சுற்றி, வாழைநாரால் கட்டி,
மேலே பேனாவால் 'காலேஜ்'.

எந்த அச்சில் குறிப்பது இதை?
அவர் வேண்டாமென்ற அந்த ரெண்டு வியாபாரம்
யாருடைய பயன்பாட்டில் சேரும்?
லாபத்தைப் பெருக்கும் விற்பனையாளர்
அடுத்த வாரம்தான் வருகிறார், அலகு நாலில்.

வாங்கிக்கொண்டேன்.
சில்லறைக்கு நின்றபோது
கை தன்பாட்டுக்கு ஒரு மட்டியின் நுனியைத் தொட்டது.
"அது வேண்டாம் டீச்சர்" என்றார் அக்கறையாக,
"உங்களுக்குப் பிடிக்காது."

இரணியல் பஸ்சில் இடம் கிடைத்தது.
மடியில் ஒரு கிலோ சாட்சியம்.
ஒன்றை உரித்தேன், லேசான புளிப்பு.
இன்னொன்று.

நாளை ஷைஜினிடம் சொல்ல வேண்டும்,
ஆதிப்புள்ளி என்றது தப்பு.
அவன் எங்கே நிற்பான் என்று இன்னும் தெரியவில்லை.
பெரும்பாலும் கடைவாசலில்,
பையை விரித்துப் பிடித்துக்கொண்டு.