கடுகளவு ஈரம்

சூளகிரியில் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போகாது என்று
யாரோ சொன்னதை நம்பி ப்ளோயரை மாட்டினோம்.
மூசையில் ஷபீர் கடைக் கழிவு:
ஆறு ஸ்கூட்டர் பிஸ்டன், டிராக்டர் ஹெட் ஒன்றில் பாதி.
குக்கர் மூடி வேண்டாம், அச்சின் மூலைக்குப் போகாது என்றேன்.

இரும்பாயிருந்தால் சிவந்து சொல்லும்.
அலுமினியம் பகலில் எதையும் காட்டிக்கொள்வதில்லை,
ஆடை படிந்த பால் மாதிரி கிடக்கிறது
எழுநூற்று இருபது டிகிரியில்.

தென்பெண்ணை மணல், களிமண், கொஞ்சம் வெல்லப்பாகு.
உள்ளே நான் செதுக்கிய பதினோரு விலா,
காற்று புகுந்து சூட்டைத் தூக்கிப் போக.
முனிரத்தினம் ஊற்றினான்.
ஆறும்வரை தொடக் கூடாது.
தொட்டோம்.

பத்து விலா முழுசு.
பதினொன்றாவது பாதியில் நின்றிருந்தது,
சொல்ல வந்ததை மறந்தவன் போல.
"பறக்க இது போதும், மஞ்சுளா."

வெளிப்புறம் சாக்பீஸ் தேய்த்து
குழியில் மண்ணெண்ணெய் விட்டேன்.
டீ வந்தது, குடித்தோம், ஏலக்காய் அதிகம்.
வால்வுப் பக்கம் வெள்ளையில்
கடுகளவு ஈரம்.
பார்த்தும் பார்க்காத மாதிரி கிளாஸைக் கழுவப் போனான்.
வந்ததும் விரல் வைத்துக் காட்டினேன்.

ராயக்கோட்டைத் தக்காளி வயல்களுக்கு மேலே
ஆயிரம் அடியில் இந்தக் கடுகு
என்ன செய்யும் என்று அவன் கேட்கவில்லை.
சம்மட்டியை எடுத்தான்.
மூசைக்குள் நுழைகிற அளவுக்கு உடைக்க
பதினாறு அடி ஆயிற்று.

பின் கொட்டகையில் இறக்கை இரண்டும்
எலிக்குப் பயந்து கயிற்றில் தொங்குகின்றன.
கரண்ட் போனது.