ஆறாவது சிலிண்டர்

வெள்ளி நள்ளிரவோடு வாரண்டி முடிகிறது.
இன்று புதன்.
ஹெக்ஸமில் ஆலங்கட்டி மழை,
பட்டறையின் தகரக் கூரை
யாரையும் பேச விடவில்லை.

சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் கார்.
பதினாறு வயது, நான்கு கை மாறியது.
ஐந்தாவது கை
வினிஃப்ரெட் பிளென்கின்சாப்புடையது,
கோட்டுப் பைக்குள் முஷ்டியாக இருந்தது.

"டிக் டிக் என்கிறது" என்றாள்.
"எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்.
இல்லை, சில நாள் சூடான பிறகும்.
ராத்திரி படுக்கையில்கூடக் கேட்கிறது,
வண்டி ஷெட்டில் பூட்டிக் கிடக்கையில்."

புகைக்குழாய் இரண்டில்
ஒன்று மட்டும் கரி கட்டியிருந்தது.
விரலால் தொட்டேன். ஈரம்.

மழையில் அவள் எடுப்பதில்லையாம்.
உப்புத் தூவிய சாலையில் எடுப்பதில்லை.
ஞாயிறுதோறும் ஷெட்டுக்குள்
பத்து நிமிடம் ஓடவிட்டு
அணைத்துவிடுவாளாம்.
"பத்திரமாகத்தானே வைத்திருக்கிறேன்?"

நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதில் மும்முரமானேன்.
அந்தப் பத்து நிமிடத்தில்தான்
சூடேறாத சுவரிலிருந்து
பெட்ரோல் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகிறது
என்று எந்த வாயால் சொல்ல?

கேமராவை இறக்கினேன்.
நான்கு, சுத்தம். ஐந்து, சுத்தம்.
ஆறில் என் கை நடுங்கியது,
படம் கலங்கியது.

"கொடுங்கள்" என்றாள்.
"இருபத்திரண்டு வருடம் எண்டோஸ்கோப்பி நர்ஸ் நான்.
மனிதர்களுக்குள் இதைத்தான் செய்கிறேன்.
நீங்கள் தள்ளுகிறீர்கள்.
தள்ளக் கூடாது, அதுவே போகும்."

போனது.
சுவரில் செங்குத்தாக ஐந்தாறு கோடுகள்,
பூனை கதவைப் பிறாண்டியதுபோல.
ஒன்று நகம் மாட்டுமளவு ஆழம்.
எறும்பு ஊரக் கல் தேய்ந்திருக்கிறது.
முந்நூற்று இருபத்தைந்து குதிரைகள்
தேய்ந்து கட்டெறும்பாக
இன்னும் எவ்வளவு நாளோ.

முப்பத்தெட்டுப் பக்க வாரண்டியை
பானெட்டின் மேல் விரித்தோம்.
திடீரென உடைந்தால் பணம் உண்டு.
மெல்ல மெல்ல உடைந்தால்
அது உடைசலே இல்லை, 'இயல்பான தேய்மானம்'.
புதுப்பிக்க நூற்றுப் பதினொரு சோதனை:
டயர், வைப்பர், சிகரெட் லைட்டர்கூட உண்டு,
சிலிண்டருக்குள் பார் என்று
ஒரு வரி கிடையாது.

ஆகவே குரலைத் தாழ்த்தினேன்.
"இந்த கேமராவை நான் இன்று எடுக்கவே இல்லை.
நூற்றுப் பதினொன்றிலும் டிக் போடுகிறேன்.
இரண்டு வருடம் கிடைக்கும்.
அதற்குள் தானாகவே ஒருநாள்
திடீரென உடையும்.
புது எஞ்சின் பதினெட்டாயிரம் பவுண்ட், மேடம்."

ஆலங்கட்டி நின்றிருந்தது.
அதனால் அவள் சொன்னது நன்றாகவே கேட்டது:

"பார்த்தவர் எழுதாமல் விட்ட ரிப்போர்ட் ஒன்றை
நான் படித்திருக்கிறேன்.
பிறகு அந்த ஆளின் மனைவிக்கு
டீ போட்டுக் கொடுத்ததும் நான்தான்.
எழுதுங்கள். ஆறாவது சிலிண்டர். படத்தையும் ஒட்டுங்கள்."

எழுதினேன். கையெழுத்து கோணலாக வந்தது.
அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் சொன்னேன்.
ரொம்ப நேரம் எதுவும் பேசாமல்
கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினாள்.
"ஆக, நான்தான்."
"முந்தைய நாலு பேரும்தான்" என்றேன்.
அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளி போனது.

மார்ச்சில் வந்தாள்,
எண்ணெய் ஊற்றிக்கொள்ள.
ஆயிரம் மைலுக்கு ஒரு லிட்டர் குடிக்கிறதாம்.
மீட்டரைப் பார்த்தேன்:
ஏழு வாரத்தில் மூவாயிரத்து நானூறு மைல்.
ஸ்காட்லாந்தின் வடக்கு முனை வரை
போய் வந்திருக்கிறாள், பனியில்.

கதவு வரை உப்புச் சேறு.
குழாயை எடுத்தேன்.
"கழுவ வேண்டாம்" என்றாள்,
எஞ்சினை அணைக்காமலே.

டிக் டிக்.
இருவரும் கேட்டோம்.
"எண்ணெய் மட்டும்" என்றாள்.