இடப்பக்கக் கப்ளிங்

சஸ்காச்சுவான். மைனஸ் முப்பது.
லோடரின் கப்ளிங்
பனியில் மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது.

கையால் தடவிக் கசிவு தேடாதே,
அட்டையை நீட்டு என்பான்
பக்கத்துப் பண்ணை வாசில்,
நடுவிரல் இல்லாத கையை ஆட்டி.

ஹலீனா கைகளைத் தரையிறக்கி
இஞ்சினை அணைத்தாள்.
லீவரை இப்படியும் அப்படியும் ஆட்ட
குழாயில் அடைபட்டிருந்த அழுத்தம்
புஸ்ஸென்று அடங்கியது.

டார்ச் என் வேலை.
அதையும் கோணலாகப் பிடித்தேனாம்.

பல் டாக்டரிடம் கேட்டு வாங்கிய கொக்கியால்
வெடித்த ஓ-ரிங்கை நெம்பி எடுத்தாள்.
புதியது கையுறைக்கு அகப்படவில்லை.
பல்லால் கையுறையைக் கழற்றி
வெறும் விரலால் பள்ளத்தில் உட்காரவைத்தாள்.

டக்.
வைக்கோல் உருளை மேலே எழும்பியது;
மாடுகள் வேலியை முட்டின.

அட்டையை நீட்டினாள்: ஈரமில்லை.
விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு சிரித்தாள்.

வலப்பக்கம் ஒரு சொட்டு திரண்டது.
டார்ச்சை மெல்ல
மாடுகள் பக்கம் திருப்பினேன்.