ஓய்வில் ஐந்து லிட்டர்

சுங்கை சிப்புட் கிளினிக்கில்
இரவல் கருவி. மூன்று வாரத்துக்குத்தான்.
கழுத்தில் இரண்டு, விலாவில் இரண்டு ஒட்டுவில்லைகள்;
ஊசியில்லை, குழாயில்லை என்றதும்
சட்டையைக் கழற்றினார் அரியப்பன் மகன் சன்னாசி.

படுத்திருக்கையில்
நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்.
மறுபடி எடுத்தேன்: ஐந்து.
மறுபடியும்.
இவ்வளவு ஒழுங்காக யாரும்
எனக்குப் பதில் சொன்னதில்லை.

பிறகு சைக்கிள்.
நாலாம் நிமிடம் வியர்வை இறங்கியது,
ஒரு வில்லை வழுக்கி நின்றது.
பதினொன்று. பத்தொன்பது. ஏழு.
"ஏழா?" மூச்சிரைக்கச் சிரித்தார்.
"ஏழை வெச்சுக்கிட்டா நான்
செம்பனைக் குலையைத் தூக்கி
லாரியில போடுறேன்?"

பால் வெட்டின காலத்தில்
ஸ்டோரில் மிதவைக்கோல் போட்டு அளப்பார்களாம்;
நுரை அடங்குமுன் படித்தால்
கிராணி சொன்னதே கணக்காம்.

துடைத்து, புது வில்லை ஒட்டினேன்.
பதினான்கு. அப்புறம் பன்னிரண்டு.
எதைப் பதிவது?

ஓய்வுக் கட்டத்தில் பேனாவால் எழுதினேன்.
உழைப்புக் கட்டத்தில் பென்சிலால்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:
"நாளைக்கு வேலைக்குப் போகலாந்தானே?"