இடது கால் வார்

லாயாங் லாயாங்கில் ஒரே தெரு.
ஒரு முனையில் ரயில் நிலையம்,
மறு முனையில் பெட்ரோல் நிலையம்,
நடுவில் நான்,
ஒன்பது டன் செம்பனைக் குலையோடு.

முன்னால் போக வழியில்லை.
சீனப் பெருநாளின் பதினைந்தாம் நாள்,
கோயில் முரசு தெருவை எடுத்துக்கொண்டுவிட்டது.
ஹாரனுக்குக் கை போனது. அடிக்கவில்லை.
மரக்கால்களில் வந்துகொண்டிருந்தார்கள் எட்டுப் பேர்,
சிவப்பு விளக்குச் சரங்களைத் தலை குனிந்து கடந்து.

வெட்டிய குலை வெயிலில் காத்திருக்கக் கூடாது.
மணிக்கு மணி எண்ணெய் புளிக்கும்,
ஆலையில் காசு பிடிப்பார்கள்.
இது முரசுக்குத் தெரியுமா?

மீனவன் தூண்டிலை வீசினான்,
கொப்பிக்கடைப் பெயர்ப்பலகையில் மாட்டிக்கொண்டது.
வெள்ளைப் பாம்பு விசிறியால் முகம் மறைத்தது,
கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்திருந்தது.
ஒருவரும் நிற்கவில்லை.
கவனித்துப் பார்த்தேன்: நிற்கவே முடியாது அவர்களால்.
நின்றால் விழுவார்கள்.
அதனால் ஆட்டம் இல்லாத இடத்திலும்
டக், டக், டக்,
கொதிக்கும் தாரில் கால் வைத்தவர்கள் போல.

குணாளன் இருக்கையில் எழுந்து நின்று சொன்னான்:
"அக்கா, நம்ம கம்பு மேல போவுது,
இவனுங்க கம்பு கீழ போவுது."
நாள் முழுக்க அண்ணாந்தே குலை அறுக்கிறவன்.
அன்றைக்கு அவன் கழுத்துக்கு
ஒரு மணிநேரம் கூடுதல் வேலை.

அப்போதுதான் கிழவி தடுமாறினாள்.
கன்னத்தில் காசளவு மச்சம்,
வாயில் முழ நீளப் புகைக்குழல்,
கூட்டத்தைச் சிரிக்கவைக்க வந்த கல்யாணத் தரகி.
இடது கால் வார் அறுந்து
ஒரு கால் மரம், ஒரு கால் சந்தேகம்.
மற்றவர்கள் நிற்க முடியாதே, போய்விட்டார்கள்.
தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது.
அந்த உயரத்துக்குத் தெருவில் ஒரே நாற்காலிதான்:
என் பழைய லோரியின் மூக்கு.

வந்து உட்கார்ந்தாள். என்ஜின் சூட்டில் துள்ளினாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
பவுடரும் வியர்வையும் வழியும் முகத்துக்குள்ளிருந்து
ஓர் ஆண்குரல்:
"ஏழு எட்டு மூணு ரெண்டு!"

என் வண்டி எண்.
அப்படி என்னைக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான்.
எடைப்பாலத்து லோ கோக் வாய்.
ஆறு வருடமாகச் சன்னலில் அவன் கை மட்டும் தெரியும்.
காய் அதிகம், தள்ளுபடி.
காம்பு நீளம், தள்ளுபடி.
ஈரம், தள்ளுபடி.
அந்தச் சன்னலுக்குக் கீழே
அவனுக்குக் கால்கள் இருந்ததாக நான் நினைத்ததே இல்லை.

இறங்கினேன்.
பழைய டியூபில் அறுத்த ரப்பர் வார்
எப்போதும் வண்டியில் கிடக்கும்.
துணி சுற்றிய கெண்டைக்காலை அவிழ்த்தால்
பழைய கன்றல் மேல் புதிய கன்றல்,
நாவற்பழ நிறம்.
இதை வைத்துக்கொண்டா சிரிக்கவைத்தான்?

மூன்று சுற்று சுற்றினேன்.
"கெதாட்," என்றான். இறுக்கினேன்.
"கெதாட் லாகி."
ஆறு வருடத் தள்ளுபடியும் நினைவுக்கு வந்தது,
இன்னும் இறுக்கினேன்.
கிழவியின் கண்ணில் நீர் முட்டியது.
போதும் என்று சொல்லவில்லை.

எழுந்தபோது அவன் நிழல்
என் மேல் ஏறி, குலைகள் மேல் ஏறி,
பெட்ரோல் நிலையம் பக்கமாகத் துள்ளி ஓடியது.
நன்றி சொல்ல நிற்க வேண்டும்.

வழி விட்டதும் ஆலைக்குப் பறந்தேன்.
எடைப்பாலம் பூட்டியிருந்தது.
ஏனென்று எனக்குத் தெரியாதா!
குணாளன் வண்டியைவிட்டு இறங்கி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மறுநாள் காலை. சன்னல். கை.
"நேற்றைய குலை," என்றது கை. "மூன்று சதவீதம்."
சண்டைக்கு வாய் திறந்தேன்.
தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், கீழே,
டக், டக், டக்.
நாற்காலியில் உட்கார்ந்தபடியே
யாரோ கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன்.
சண்டை போட்டேன்.
கொஞ்சம் மெதுவாக.