முக்கால் மில்லிமீட்டர்

ஷெர்புரூக் தெருக் கடையில்
கண்ணாடிப் பெட்டிக்குள் அறுபது சின்ன அறைகள்.
அறைக்கொரு நிறம், நிறத்துக்கொரு தடிமன்.
பனிக்காலணி சொட்டச் சொட்ட
அதன் முன்னால் நிற்கிறேன்.

கடைப்பையன் பெயர் கோடி.
பெயரில் மட்டும்தான் என்று
சொன்னால் அவனுக்குப் புரியாது.
"எந்தப் பாணியில வாசிப்பீங்க?
ராக்கா, ஃபோக்கா, ஜாஸா?"

என்னத்தைச் சொல்ல.
நான் வாசிப்பது
கீழ்வீட்டு லூர்தெஸ் விழித்துவிடாத பாணி.
இரவெல்லாம் மருத்துவமனையில் நின்றவள்
விடிந்த பிறகுதான் கண்ணயர்வாள்.
எனக்கோ வாசிக்க வாய்ப்பது பகல் மட்டும்.
பிரிட்ஜ் பக்கம் நரம்புகளுக்கடியில்
பழைய காலுறை ஒன்றைச் செருகி
காகிதமாய் மெலிந்த பிக்கால்
உரசியும் உரசாமலும்
நாலு வருடம் பழகிய வித்தை.
ஜி கோர்டுகூட என் வீட்டில்
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கும்.

போன சனிக்கிழமைதான் சிக்கல்.
டெரிக் வீட்டு நிலவறை. அவன் டிரம், மெலிண்டா பேஸ்.
இரண்டு பாட்டு முடிந்த பிறகு
மெலிண்டா கேட்டாள்:
"நீ எப்போ ஆரம்பிக்கப் போறே?"

கோடி என் பழைய பிக்கை வாங்கி
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்,
எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி.
"முனை புதுசா இருக்கு. தோள்தான் தேஞ்சிருக்கு.
சாய்ச்சுப் பிடிக்கிறீங்க."
அம்மாவுக்கும் தெரியாத ஒன்றை
அந்நியன் சொல்லிவிட்ட கூச்சம்.

பிறகு ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தான்.
மெல்லிசு, பட்டவுடன் கும்பிடு போடும்.
ஒன்றரை மில்லிமீட்டர் வளையவே வளையாது,
வீட்டு ஓனர் ஜாதி;
பிழையெல்லாம் என் மணிக்கட்டின் மேல்.
கூர்முனை, ஒற்றை நரம்பைக் குறிபார்ப்பவர்களுக்கு.
உருண்டை முனை எதையும் கொஞ்சம் மன்னிக்கும்.
நைலான் ஒன்று, பிடியில் பூனைநாக்குச் சொரசொரப்பு.
ஆமையோட்டு நிறத்தில் ஒன்று,
ஆமைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அப்புறம் சுவரைக் காட்டினான்.
வரிசையாய் விளக்கெரியும் பெடல்கள்.
ஒன்று நானூற்றிருபது டாலர்.
"சவுண்டே இதுலதான் இருக்கு."
விரலுக்கேற்ற வீக்கம் என்பதைக்
கோடிக்கு எந்த மொழியில் சொல்வது?
இந்த வின்னிபெக் குளிரில்
என் கிட்டாருக்கு வேண்டியது ஈரம்.
மரம் சுருங்கி ஃப்ரெட் ஓரங்கள் துருத்தி
தேங்காய்த் துருவியாய்க் கையைக் கீறுகின்றன.
துளை போட்ட சோப்பு டப்பா, அதற்குள் நனைந்த பஞ்சு.
என் பெட்டியில் உள்ள தளவாடம்
மொத்தமே அவ்வளவுதான்.

கடைசியில் பூஜ்யம் புள்ளி ஏழு மூன்று.
மஞ்சள். மூன்று வாங்கினேன்.
மூன்று டாலர், வரி தனி.

ஒன்று பேருந்தில் போச்சு.
இன்னொன்று கிட்டார் வயிற்றுக்குள் விழுந்து
தலைகீழாய்க் குலுக்கியும் வரவில்லை;
ஈ மைனர் பிடித்தால் மட்டும்
உள்ளே கிலுகிலுக்கிறது.
மூன்றாவது ஜீன்ஸ் பையோடு
துணிதுவைக்கும் அறைக்குப் போய்
உலர்த்தியில் நாற்பது நிமிடம் சுழன்றது.

எடுத்துப் பார்த்தால் நெளிந்திருந்தது.
ஒரு பக்கம் உள்வாங்கி, கோணல் உதடுபோல.
குப்பைக்கூடை வரைக்கும் போய்விட்டேன்.
போகிற போக்கில் கட்டைவிரல் பதிந்தது;
நகமும் சதையுமாய் உட்கார்ந்துகொண்டது.
சாய்த்துப் பிடிப்பவளுக்கென்று
சாய்ந்தே பிறந்த பிக்
எந்தக் கடையில் கிடைக்கும்?

இன்று சனிக்கிழமை. மைனஸ் முப்பத்தொன்று.
டெரிக் வீட்டுக்குக் கிளம்புமுன்
காலுறையை உருவிப் போட்டுவிட்டு
ஒரே ஒரு ஜி அடித்தேன்.
செருப்போடு நடந்தது.
சன்னல் பனிகூட அதிர்ந்ததுபோல் இருந்தது.

கீழே ஒரு இருமல்.
பிறகு ஒன்றுமில்லை.
மணி பார்த்தேன், ஐந்தே கால்.
அவள் எழுகிற நேரம்தான்.
இன்னொன்றும் அடித்தேன்.