ஜூன், மாலை நான்கு மணி

மார்த்தாண்டம் மேம்பாலம் என் ஜன்னலுக்கு நேர் உயரம்.
களியக்காவிளை பஸ் போகும்போதெல்லாம்
நான் இன்னும் வைக்காத ஒரு விளக்கு
மானிட்டரில் ஒரு நொடி எரிந்து அணைகிறது.

வீடு கருங்கல்லில். ஆள் தம்மாமில்.
ஜெஸ்டஸ் அண்ணனின் குரல் பதிவு
ஷிப்ட் முடிந்து மூச்சுவாங்க வரும்:
"ஹாலுல எல் வடிவத்துல சோபா, பன்னெண்டு பேரு இருக்க மேசை.
டிசம்பர் இருவது, சாயங்காலம் நாலு மணிக்கு
வெயிலு எங்க விழும்னு காட்டணும், கேட்டியா.
லீவுக்கு நான் அப்பதான் வருவேன்."

காட்டினேன்.
ஊரின் அட்சத்தையும் தீர்க்கத்தையும் அடித்தால்
சூரியன் தானே வந்து நிற்கும்.
தென்மேற்கு ஜன்னலில் சாய்ந்து இறங்கி
சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தது.
அந்த சோபாவுக்கு மட்டும் எட்டு லட்சம் முகங்கள்,
தையல் நூல் வரை எண்ணலாம்.
திருப்பிப் பார்க்க நினைத்தாலே
கம்ப்யூட்டர் முனகியது.

தேக்குக் கதவில் ஒரு கணு.
நாலடிக்கு ஒருதரம் அதே கணு, எல்லாக் கதவிலும்.
ஜன்னலுக்கு வெளியே
மென்பொருள் இலவசமாகத் தந்த பைன் மரங்கள்.

அறுபத்து மூன்று சதவீதத்தில் கரண்ட் போயிற்று.
யூபிஎஸ் கத்தியது, பிறகு அதுவும் விட்டுவிட்டது.
விடியற்காலை படம் வந்தது.
தம்மாமிலிருந்து
ஏழு கட்டைவிரல்கள்.

வியாழக்கிழமை ரெஜிலா அக்கா வந்தாள்,
சொட்டும் குடையோடு.
"கொள்ளாம்" என்றாள்.
விரலால் படத்தை விரித்தாள்.
"இந்தக் கதவுல உள்ள கண்ணு அந்தக் கதவுலயும் இருக்கு."
கொஞ்சம் கழித்து,
"இது எந்த மாசத்து வெயிலு மோளே?"

டிசம்பர், அக்கா.

"அவிய முப்பது நாளு இருப்பாவ.
மிச்ச நாளு நான்லா இருக்கேன்.
ஜூன்ல எப்படி இருக்கும்?"

மாதங்களுக்கு ஒரு சிறு பட்டை உண்டு, விரல் நீளம்.
இழுத்தேன்.
சூரியன் வீட்டைச் சுற்றிக்கொண்டு
வடக்குப் பக்கம் போயிற்று.
ஹால் மங்கியது. பன்னிரண்டு நாற்காலிகளும்
மங்கலில் மேசையைப் பார்த்தபடி.
நான் ஒழுங்காக வரையாமல் விட்டிருந்த அடுக்களையில்,
பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே,
தரையில் ஒரு முழம் வெளிச்சம்.

அக்கா திரைக்கு மிக அருகில் குனிந்தாள்.
"அங்க ஒரு நாற்காலி போடு."

எப்படிப்பட்டது?

"எனக்க வீட்டுல கெடக்கியதுதான். சிவப்பு, பிளாஸ்டிக்கு.
ஒரு காலுல விரிசல் உண்டு.
அந்த மரமெல்லாம் எடுத்திரு, வெளிய ரப்பர்லா.
மழையும் போடு."

மழை போட்டா வெயில் வராதே அக்கா.

"வராது. பெறகு வரும்."

நூலகத்தில் நானூறு நாற்காலிகள்.
இத்தாலியத் தோல், முட்டை வடிவம்,
அரசன் உட்கார்கிற மாதிரி ஒன்று.
இது இல்லை.
நானே செய்தேன்: முதுகில் ஆறு கீற்று,
கொஞ்சம் அகன்ற கால்கள்.
பழைய பிளாஸ்டிக்குக்குள் வெளிச்சம் சிறிது தூரம் போய்,
களைத்துத் திரும்பும்.
அந்தக் களைப்புக்கு ஓர் எண் உண்டு.
அதைக் கண்டுபிடிக்க இரவு ஒன்றரை ஆயிற்று.

ரப்பருக்கு இன்னொரு நாள்.
சாய்ந்த மரம், சிரட்டை,
மழைக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் பாவாடை.
சிரட்டைக்குள் பால் ஊற்றினேன்,
கேமராவுக்குத் தெரியாது என்று தெரிந்தே.

அண்ணனுக்கும் அனுப்பட்டுமா என்று போனில் கேட்டேன்.
வெகுநேரம் மிக்ஸி ஓடியது.
"எவ்வளவு ஆச்சு?"
இதுக்குத் தனியா வேண்டாம் அக்கா.
"ஆயிரத்தைந்நூறு அனுப்பியேன்.
பில்லு எனக்க பேருல போடு."

கோப்பை மூடிய பிறகுதான் ஞாபகம்,
விரிசல் எந்தக் காலில் என்று கேட்கவில்லை.
முன்னால், இடது காலில் போட்டிருக்கிறேன்.
இதுவரை
மாற்றச் சொல்லவில்லை.